ஒரு கூப்பாட்டுக்கு இரண்டு பேர்

ஒரே மாதிரி ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களைப் பிடித்துப்போக எங்கள் ஊருக்குச் செவ்வாய்தோறும் ஒரு வண்டி வரும். மாடு பிடிக்கிற அதே வண்டிதான். அந்தச் செவ்வாய்க்கிழமை சொற்களோடு சேர்த்துக் கஸ்தூரியின் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

கஸ்தூரி கொல்லையில் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தபோது மாமியாரின் நாற்காலி காலியாக இருந்தது.

"அம்மாவ ஏத்திட்டுப் போயிட்டாங்க," என்றார் அவள் புருஷன் வைத்திலிங்கம். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எதுக்குங்க?"

"ஒலி ஒண்ணா இருக்காம்."

"யாரோடங்க?"

"அத சொல்லல. நீ போய்க் கூட்டிட்டு வந்துடு. மத்தியானத்துக்குள்ள பிரிக்கலேன்னா சேத்து வச்சிருவாங்களாம்."

சேர்த்து வைப்பது என்றால் என்னவென்று ஊருக்கே தெரியும். ஒரு ஒலிக்கு ஒருவர் போதும் என்பது மேலிடத்துக் கொள்கை. போன மாதம் பூவையும் மாவையும் கொண்டுபோனார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஃப்ளவர் என்ற ஒரே ஒலி. பிரித்துச் சொல்ல ஆள் இல்லாததால் சேர்த்துவிட்டார்கள். அதிலிருந்து எங்கள் ஊர்ப் பரோட்டாவில் காம்பு இருக்கிறது. மாலை போட்டுக்கொண்ட மாப்பிள்ளைகள் மேடையில் தும்முகிறார்கள். மாமியாரை எதனோடு சேர்த்துத் திருப்பி அனுப்புவார்களோ, யார் கண்டது.

கஸ்தூரி சாதாரணப்பட்டவள் இல்லை. வாசல் அறையில் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறவள். ஒரே மாதிரி ஒலிக்கிற சொற்களைப் பிரித்துக் காட்டுவதில் கெட்டிக்காரி என்று தெருவில் அவளுக்கு நல்ல பேர். மாமியார் எந்த ஆங்கிலச் சொல் மாதிரி ஒலிக்கிறாள் என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே போனாள். ஒன்றும் அகப்படவில்லை.

பிரிப்பு அலுவலகம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. உள்ளே நுழைந்ததும் ஒரு வராந்தா. அதன் முடிவில் ஒரு கதவு. கஸ்தூரி நடந்தாள். கதவு தள்ளிப்போனது. ஓடினாள். கதவு தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்துவிட்டது.

"ஓடாதீங்கம்மா. ஓடினா நீளும்," என்றார் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பியூன்.

"அவசரமாப் போகணுங்க."

"அவசரம்னா நின்னுடுங்க."

நின்றாள். வராந்தா தானாகச் சுருங்கி வந்து அவளைக் கதவருகே விட்டது.

உள்ளே பிரிப்பு அதிகாரி உத்திராபதி உட்கார்ந்திருந்தார். அவர் தலையில் காது இல்லை. இரண்டு காதுகளையும் கழற்றி மேசையில் இருந்த காகிதங்கள் பறக்காமல் இருக்க மேலே வைத்திருந்தார். கஸ்தூரிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பயப்படாதீங்க. இந்த வேலைக்குக் காது ஆகாது. மாட்டியிருந்தா எல்லாம் ஒண்ணாத்தான் கேக்கும்," என்றார் உத்திராபதி.

"அப்ப நான் பேசுறது?"

"வாயப் பாத்துப் புரிஞ்சுக்குவேன். ஆனா வாயப் பாத்தாலும் இதுங்க ரெண்டு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. அதுதான் தலைவலி."

"எங்க மாமியாரக் காலையில கூட்டிட்டு வந்துட்டாங்க சார்."

"இருக்காங்க. கடைசி பெஞ்சு. வரிசைப்படிதான் பாப்பேன்."

"மத்தியானம் ஆயிடுமே."

"ஆகும். பிரிக்கிற ஆளு லீவு."

கஸ்தூரி கூடத்தைப் பார்த்தாள். பெஞ்சு பெஞ்சாகச் சொற்கள் ஜோடி போட்டு உட்கார்ந்திருந்தன. அத்தனையும் அவள் பாடம் நடத்திய முகங்கள். ஆனால் கையும் காலும் மூச்சுமாக அவற்றைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கடைசி பெஞ்சில் மாமியார் மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது.

"நான் பிரிச்சுக் குடுத்தா எங்க கேஸ எடுப்பீங்களா?" என்றாள் கஸ்தூரி.

"உங்களுக்குத் தெரியுமா?"

"பேரக் கேட்டா எல்லாம் ஒண்ணுதான் சார். என்ன வேலை செய்யுதுன்னு பாக்கணும். பிள்ளைங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுக்கறேன்."

உத்திராபதி பேனா மூடியைக் கழற்றினார். அதை அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

முதல் பெஞ்சில் வெயிட் என்ற இரண்டு பேர். எடை ஒருவர், காத்திருத்தல் மற்றவர். "எழுந்திருங்க," என்றாள். ஒருவருக்கு எழுந்திருக்க முடியவில்லை. மற்றவருக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. கஸ்தூரி கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "கடைசி பஸ்சும் போயிடுச்சு," என்றாள். ஒருவர் பெருமூச்சு விட்டு எழுந்து வெளியே போனார். உட்கார்ந்தே இருந்தவர் எடை.

இரண்டாவது பெஞ்சில் நைட் என்று இரண்டு. ஒருவர் இரும்புச் சட்டை போட்ட குதிரைவீரர். இன்னொன்று ஒரு பாயளவு இருட்டு. கஸ்தூரி சுவிட்சைப் போட்டாள். இருட்டு போய்விட்டது.

குதிரைவீரருக்கு முன்னால் கே என்ற எழுத்து ஒன்று குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது.

"இது யாருங்க?"

"எங்கூடத்தான் வருது. எப்பவும் எனக்கு முன்னாடி நிக்கும். இதுவரைக்கும் வாயத் தொறந்ததில்ல."

"அப்ப எதுக்கு?"

"இது இல்லேன்னா நான் நானா இருக்க மாட்டேன்."

அந்த எழுத்து கஸ்தூரியை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது. அவளுக்கு ஏனோ அதை ரொம்பப் பிடித்துப்போனது.

அடுத்தது சன். மகனும் சூரியனும். இரண்டும் காலையில் எழுந்திருக்க வேண்டியவை. ஒன்று எழுந்திருந்தது, அது சூரியன். தூங்கிக்கொண்டிருந்த மகனை எழுப்பாமலே பிரித்துவிட்டாள்.

அடுத்தது ஹியர். இங்கே என்பது ஒன்று, கேட்பது என்பது ஒன்று. "யாரு எது?" என்று கேட்டாள். ஒன்று "இங்கதான் இருக்கேன்," என்றது. மற்றது எழுந்து போய் உத்திராபதியின் மேசையில் கிடந்த காதில் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பி வந்தது. உத்திராபதி கவனிக்கவில்லை.

ஸ்டீல் விஷயத்தில் மட்டும் சறுக்கிவிட்டது. அந்த ஜோடியில் ஒன்று பளபளவென்று ஒரு குடம். மற்றது திருடுகிற ஆசாமி. இரண்டும் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருந்தன. கஸ்தூரி ஒரு விநாடி திரும்பினாள். மறுபடி பார்த்தபோது பெஞ்சில் இரண்டும் இல்லை.

"பிரிச்சாச்சா?" என்றார் உத்திராபதி.

"சேந்து போயிட்டாங்க சார்."

"அது அவங்க சொந்த விஷயம்," என்று அடுத்ததுக்குக் கைகாட்டினார்.

இப்படியே கடைசி பெஞ்சு வரை வந்துவிட்டாள். மற்ற பெஞ்சுகள் எல்லாம் காலி. கடிகாரம் மத்தியானத்தைத் தொட்டுவிடும் போலிருந்தது. உத்திராபதி அடித்துப் பிடித்து எழுந்து அவளுக்கு முன்னால் போய்க் கடைசி பெஞ்சு அருகே நின்றார்.

"வந்துட்டியா கஸ்தூரி," என்றாள் மாமியார்.

"வந்துட்டேன் அத்தே. உங்களோட ஜோடி எங்க?"

"அத இவருகிட்டக் கேளு. நான் கேட்டதுக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு."

உத்திராபதி கஸ்தூரியைக் கூர்ந்து பார்த்தார். "உங்க வீட்டு வாசல்ல நின்னு செண்பகம்னு கூப்பிட்டா உள்ள ரெண்டு பேரு திரும்புறாங்க. புகார் வந்திருக்கு. ஒண்ணு இவங்க. இன்னொண்ணு யாரு?"

"எங்க வீட்ல அத்தே மட்டும்தான் சார் செண்பகம். நான் கஸ்தூரி."

"சரி. அந்த ஜன்னலச் சாத்திட்டு வாங்க."

கஸ்தூரி ஜன்னல் பக்கம் போனாள். கொக்கியில் கை வைத்தாள்.

"செண்பகம்," என்றார் உத்திராபதி பின்னாலிருந்து.

மாமியார் நிமிர்ந்தாள். கஸ்தூரி திரும்பினாள்.

திரும்பிய பிறகுதான் திரும்பியது அவளுக்கே தெரிந்தது. யாரோ அவள் கழுத்தைப் பிடித்துத் திருப்பியது போல இருந்தது. கை இன்னும் கொக்கியில் இருந்தது, முகம் மட்டும் இந்தப் பக்கம் வந்துவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கஸ்தூரிக்கு அவளைப் பெற்றவர்கள் வைத்த பேர் செண்பகம். மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தால் மாமியாரும் செண்பகம். ஒரே வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே பேர் இருப்பதை எங்கள் பக்கத்தில் ஒத்துக்கொள்வதில்லை. மருமகளைப் பேர் சொல்லி அதட்டினால் மாமியாரை அதட்டியது மாதிரி ஆகிவிடும். அதட்டாமல் குடும்பம் நடத்தவும் யாருக்கும் தெரியாது. ஆகவே புதிதாக வருகிறவளுக்குப் பேரை மாற்றிவிடுவார்கள். ஆரத்தித் தண்ணீரை வாசலில் கொட்டும்போதே பழைய பேரையும் கொட்டிவிட்டுக் கஸ்தூரி என்று உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆங்கிலக்காரர்கள் இந்த வேலையைச் செய்யவில்லை. அதனால்தான் அவர்கள் சொற்கள் இன்றைக்கும் வண்டியில் ஏறுகின்றன.

பேரை மாற்றினார்கள். திரும்புகிற கழுத்தை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. தபால்காரர் வாசலில் நின்று மாமியாரைக் கூப்பிட்டால் அடுப்படியில் கஸ்தூரியும் திரும்புவாள். பக்கத்து வீட்டுக் கிழவி மதில் வழியாகக் கூப்பிட்டாலும் அப்படித்தான். அவளுக்கே தெரியாமல் நடந்ததை யாரோ எங்கிருந்தோ பார்த்துப் புகாரும் எழுதியிருக்கிறார்கள். நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது.

"உக்காருங்க," என்று மாமியாருக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தைக் காட்டினார் உத்திராபதி.

கஸ்தூரி உட்கார்ந்தாள். அந்த இடம் அவள் அளவுக்கே தேய்ந்திருந்தது.

"நீங்க சொன்ன முறையிலயே பாத்துடலாம். என்ன வேலை செய்யறீங்க? ரெண்டு பேரும் சொல்லுங்க."

"சமையல்," என்றாள் மாமியார். "சமையல்," என்றாள் கஸ்தூரி.

"அப்புறம்?"

"பாத்திரம்," என்றார்கள் இருவரும்.

"அப்புறம்?"

"வெளிய போனவரு வர்ற வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டு இருக்கறது." இந்தத் தடவை இரண்டு வாயிலிருந்தும் ஒரே குரல் வந்தது. கஸ்தூரி பதறிப்போய் வாயைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"சார், நான் டியூஷன் எடுக்கறேன். அத்தே எடுக்கல."

"அத வீட்ல வேலைன்னு சொல்றாங்களா?"

கஸ்தூரி யோசித்தாள். "பொழுது போகணும்ல, எடுக்கட்டும்னு சொல்றாங்க."

"அப்ப அது கணக்குல வராது."

உத்திராபதி பேனாவை மூடினார். பியூனைப் பார்த்துத் தலையசைத்தார். பியூன் ஒரு கோரைப்பாயைக் கொண்டுவந்து தரையில் விரித்தார். சேர்ப்பது அப்படித்தான். இரண்டு பேரையும் படுக்கவைத்துச் சுருட்டுவார்கள். விரிக்கும்போது ஒருவர் இருப்பார். பாயின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் மைதா ஒட்டியிருந்தது.

மாமியாரைக் கூட்டிப்போக வந்தவள் மாமியாராகவே ஆகிவிடப்போகிறாள். அதற்குள் அவள் வலது முட்டி வலிக்க ஆரம்பித்துவிட்டது. அது மாமியாரின் முட்டிவலி. தைலம் தேய்த்துத் தேய்த்து அவளுக்கு அந்த வலி இருக்கிற இடம் நன்றாகத் தெரியும்.

"அத்தே, ஏதாவது சொல்லுங்க. சுருட்டிடுவாங்க."

மாமியார் பாயைப் பார்த்தாள். கஸ்தூரியைப் பார்த்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"அந்தப் பேரு என்னுது இல்லீங்க," என்றாள்.

பியூன் பாயை அப்படியே விட்டார்.

"எந்தப் பேரு?"

"செண்பகம்ங்கறது. அது எனக்கு மாத்தி வச்சது. நான் பொறந்தப்ப எங்கப்பா வச்ச பேரு கஸ்தூரி. வாக்கப்பட்டு வந்தா என் மாமியாரும் கஸ்தூரி. ஒரு வீட்டுல ரெண்டு கஸ்தூரியான்னு, நான் வாசப்படி தாண்டறதுக்குள்ள செண்பகமாக்கிட்டாங்க."

கஸ்தூரியிடமிருந்து செண்பகம் என்ற பேரைப் பிடுங்கி வைத்துக்கொண்டிருந்தவள் அந்தப் பேருக்குச் சொந்தக்காரியே இல்லை. அத்தனை வருஷமும் இரவல் பேர் ஒன்றுக்காகத் தன் சொந்தப் பேரை வாசலில் விட்டிருக்கிறாள் கஸ்தூரி. கோபம் முட்டிக்கொண்டு வந்தது. வந்த கோபத்தை யார் மேல் வைப்பது என்று தெரியவில்லை.

"அப்ப எனக்கு ஏன் அத்தே கஸ்தூரின்னு வச்சீங்க?"

"நீ வர்றதுக்குள்ள என் மாமியார் போய்ச் சேந்துட்டாங்க. பேரு சும்மா கெடந்துச்சு. நானே எடுத்து மாட்டிக்க முடியுமா? சிரிப்பாங்க. இவளுக்குப் பேரு மாத்தணும்னு பேச்சு வந்தப்ப, கஸ்தூரின்னு வைங்கன்னு நான்தான் சொன்னேன்."

"அதான் ஏன்?"

"அந்தச் சத்தம் வீட்டுக்குள்ள கேக்கணும்னு இருந்துச்சு. யாரும் என்னை அப்படிக் கூப்பிடப்போறதில்ல. நானாவது கூப்பிட்டுக் கேட்டுக்கலாம்ல." மாமியார் மூக்கை உறிஞ்சினாள். "வேலை இருந்தாலும் கூப்பிட்டேன். இல்லேன்னாலும் கூப்பிட்டேன். நீ என்னமோ நான் வேலை ஏவியே கொல்றேன்னு நெனச்ச."

ஈரக் கையோடு ஓடிவந்து 'என்ன அத்தே' என்று நின்றதும், 'ஒண்ணுமில்ல, போ' என்று மாமியார் சொன்னதும் கஸ்தூரிக்குக் கூட்டம் கூட்டமாக நினைவுக்கு வந்தன. எத்தனை தடவை பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறாள். அந்தக் கூப்பாடுகளில் ஒன்றுகூட அவளுக்கானது இல்லை. அதற்கு அழுவதா, சிரிப்பதா என்று தெரியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

உத்திராபதிக்கு இதெல்லாம் ஒன்றும் இல்லை. அவர் முகம் தெளிந்துவிட்டது.

"பிரிஞ்சிடுச்சு," என்றார். "இவங்க கஸ்தூரி. நீங்க செண்பகம். அவங்கவங்க பேரு அவங்கவங்களுக்கு. ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம்."

பியூன் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"போயிட்டு வர்றோங்க," என்று எழுந்தாள் கஸ்தூரி. எழுந்தவள் முட்டியைப் பிடித்துக்கொண்டாள். வலி போகவில்லை. "சார், முட்டி இன்னும் வலிக்குது."

"வலிக்கத்தான் செய்யும். உங்க வீட்ல மாமியார் பேரு என்ன?"

"செண்பகம்."

"நீங்க யாரு?"

கஸ்தூரி மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாங்க பேரத்தான் பாப்போம். செண்பகம் மாமியார். கஸ்தூரி மருமக. அதுல ஒரு குழப்பமும் இல்ல," என்றார் உத்திராபதி.

"எனக்கு அவங்க வயசு இல்லீங்களே."

"வயசுக்கு வேற செக்‌ஷன். வெள்ளிக்கிழமை வாங்க." அவர் மேசைக்குத் திரும்பிப்போய், ஒற்றைக் காதை எடுத்து இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தார்கள். இவள் நொண்டினாள். மாமியார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். தெருமுனையில் நின்று, "மெதுவா வாங்கத்தே, பள்ளம் இருக்கு," என்று கை நீட்டினாள். அந்த அத்தே என்கிற வார்த்தை காதில் விழுந்ததும் இவள் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். யாரும் வரவில்லை.

வீட்டு வாசலில் வைத்திலிங்கம் எழுந்து நின்றார். கட்டிய நாளிலிருந்து அவள் வந்ததற்காக அவர் எழுந்து நின்றது இல்லை.

"வாங்கம்மா. ரொம்ப நேரம் உக்கார வச்சுட்டாங்களா?"

அவர் பார்த்தது அவளைத்தான்.

"என்னங்க, நான்தாங்க," என்றாள்.

"நீங்கதான்னு தெரியுதும்மா. என்ன புதுசா வாங்க போங்கன்னு? உக்காருங்க முதல்ல." அவளை நாற்காலியில் உட்காரவைத்து மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார். பிறகு உள்பக்கம் பார்த்து, "கஸ்தூரி, அம்மாவுக்குக் காப்பி போடு," என்றார்.

"இதோங்க," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. அதில் அப்படி ஒரு சந்தோஷம். ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. யாரும் அதட்டவில்லை.

இவளை இனி செண்பகம் என்றுதான் சொல்ல வேண்டும். பழக்கதோஷத்தில் எனக்கு நாக்கு புரளவில்லை, இருந்தாலும் சட்டம் சட்டம்தானே. செண்பகம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பயம் ஒரு பக்கம் கிடந்தது. அதற்கு அடியில் வெட்கங்கெட்ட ஆசை ஒன்று எட்டிப்பார்த்தது. பேர் திரும்பி வந்துவிட்டது. அவளைப் பெற்றவர்கள் மடியில் போட்டுக் காதுக்குள் சொன்ன பேர். இந்த வீட்டில் யாராவது ஒருவர் வாய்விட்டு அதைச் சொல்லி அவளைக் கூப்பிட்டுவிட்டால் போதும். முட்டி வலியும் மாமியார் பட்டமும் எப்படியோ போகட்டும் என்று தோன்றியது.

காப்பி வந்தது. மாமியாராக இருந்தவள் டம்ளரை இரண்டு கையாலும் நீட்டினாள். அவள் தலை படிய வாரி இருந்தாள். எங்கிருந்தோ ஒரு முழம் பூகூட வைத்திருந்தாள். பூவிலிருந்து தோளில் கொஞ்சம் மாவு உதிர்ந்தது.

"சூடா இருக்கு. பாத்துக் குடிங்கத்தே."

"ஒண்ணு சொன்னா செய்வியா?" என்றாள் செண்பகம்.

"சொல்லுங்கத்தே."

"என் பேரச் சொல்லி ஒரு தடவ கூப்பிடு."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"என்னத்தே நீங்க," என்றாள் மெதுவாக. "மாமியார் பேர மருமக சொல்லலாமா?"

செண்பகம் வைத்திலிங்கத்தைப் பார்த்தாள். பெற்ற தாயைப் பேர் சொல்லிக் கூப்பிட அவருக்கும் வாய் வராது. அவர் பேப்பரை மடித்துக்கொண்டு குளிக்கப் போனார்.

"ஆறிடப்போகுது, குடிங்கத்தே," என்றாள் கஸ்தூரி.

செண்பகம் காப்பியைக் குடித்தாள்.